சம்பளப் பேச்சுவார்த்தையில் பேசப்படாத பட்டியல்

ஏப்ரல் மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த அன்று, முல்லைத்தீவில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி சம்பளச் சிட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு கேள்வி: "பேப்பரில போட்டது ஒரு கணக்கு, கையில வந்தது ஒரு கணக்கு. எதையடி நம்பிறது?"

இரண்டு கணக்கும் சரிதான். பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த 2025 வரவு செலவுத் திட்டத்தில், அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 15,750 ரூபா. தலைப்புச் செய்திகளில் வந்தது இந்த எண்தான். ஆனால் ஏற்கெனவே தனித்தனிக் கொடுப்பனவுகளாகக் கிடைத்துவந்த 7,500 ரூபா இப்போது அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. அதைக் கழித்தால் உண்மையான உயர்வு 8,250 ரூபா. அதுவும் ஒரேயடியாக இல்லை. 2025 ஏப்ரலில் 5,000 ரூபாவும் மீதியில் 30 வீதமும், எஞ்சியது 2026, 2027 ஜனவரிகளில். ஆக, அடிமட்டச் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்த மாதம் கூடியது 5,975 ரூபா. என் தோழியின் தரத்துக்கு எண்கள் வேறு, முறை இதுதான்.

இதை ஏமாற்று என்று நான் எழுதப்போவதில்லை. கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்துக்குள் போனால் நாளைக்கு ஓய்வூதியம் அந்தக் கூடிய தொகையிலிருந்து கணக்கிடப்படும். தொழிற்சங்கங்கள் நீண்டகாலமாகக் கேட்டுவந்த விடயம் இது. ஆனால் இந்த உயர்வு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்க்காமல் இதை வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்ல முடியாது.

24,250 ரூபா என்ற அடிப்படைச் சம்பளம் 2020இலிருந்து மாறவில்லை. இடையில் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பிறகு பணவீக்கம் குறைந்தது என்றார்கள். பணவீக்கம் குறைந்தால் விலை குறையும் என்று நினைத்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். ஏறிய விலை ஏறியபடியே நின்றது, ஏறும் வேகம்தான் குறைந்தது. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 7,800இலிருந்து 17,800 ஆக உயர்த்தப்பட்டது 2024இல்தான்.

2021இல் அரசாங்கத்தின் வருமானம் சுமார் 1,457 பில்லியன் ரூபா, சம்பளச் செலவு சுமார் 846 பில்லியன். அதாவது வருமானத்தின் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 58 ரூபா சம்பளத்துக்குப் போனது. 2023இல் வருமானம் 3,000 பில்லியனைத் தாண்டியது. வற் வரியும் வருமான வரியும் ஏறியிருந்தன, விலையேற்றத்தோடு வரியும் தானாகப் பெருகியது. சம்பளச் செலவோ சுமார் 940 பில்லியன். 100 ரூபாவில் 31 ரூபா. இரண்டே வருடத்தில் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. இந்தக் குறைப்புக்காக எந்தத் தொழிற்சங்கத்தையும் யாரும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் அரச ஊழியருக்கு நடந்த மிகப் பெரிய சம்பள வெட்டு இதுதான், அதைச் செய்தது அரிசி விலையும் மண்ணெண்ணெய் விலையும்.

அதே 2023இல் வட்டிக்காக மட்டும் அரசாங்கம் செலுத்தியது ஏறத்தாழ 2,450 பில்லியன் ரூபா. வருமானத்தின் 100 ரூபாவில் 80 ரூபா. "அரச ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தே நாடு நொடித்துப்போனது" என்ற பேச்சு நம்மவர்களிடமும் நிறைய உண்டு. அதைச் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சத்தமில்லாத வெட்டுகள் வேறும் நடந்தன. 2022 ஜூனில் வந்த சுற்றறிக்கை அரச ஊழியர்களை ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போக அனுமதித்தது. சேவை மூப்புக்குப் பாதிப்பு வராது என்ற உறுதியோடு. அதே மாதம் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருந்து பயிர் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்ட ஓய்வு வயது, வருட முடிவில் 60 ஆக இறங்கியது. புதிய ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. போனவர்களின் கதிரைகள் வெறுமையாகவே இருந்தன. ஆளை நீக்கினால் வேலைநிறுத்தம் வரும். ஆளை எடுக்காமல் விட்டால் யார் வேலைநிறுத்தம் செய்வது?

2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத் துறையோடு மூண்ட பிரச்சினையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அடிப்படைச் சம்பளத்தை உயர்த்திய அதே கையால், மேலதிக நேரக் கொடுப்பனவையும் விடுமுறை நாள் கொடுப்பனவையும் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். ஒரு மணித்தியால வேலைக்கு எவ்வளவு என்று கணக்கிட அடிப்படைச் சம்பளத்தை ஓர் எண்ணால் வகுப்பார்கள். அந்த எண்ணைப் பெரிதாக்கினால் விடை சிறிதாகும், அவ்வளவுதான். அடிப்படைச் சம்பளம் கூடியதால் மொத்தத்தில் நட்டம் இல்லை என்றது அரசாங்கம். ஆளணி குறைந்த வைத்தியசாலைகளில் மேலதிக நேரமும் விடுமுறை நாள் வேலையும்தான் வருமானத்தின் பெரும் பங்கு என்றன தாதியரும் மருத்துவரும். மார்ச் மாதம் முழுக்கப் பேச்சுவார்த்தைகளும் அடையாள வேலைநிறுத்தங்களும் மாறிமாறி நடந்தன. மாஞ்சோலை வைத்தியசாலையில் இரவுக் கடமை பார்க்கும் ஒரு தாதிக்கு இந்த வகுத்தல் கணக்கு என்ன செய்கிறது என்பது கொழும்பில் நடந்த எந்தப் பேச்சிலும் தனியாகப் பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பேச்சுவார்த்தை மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த முறை மேசையின் இரண்டு பக்கத்திலும் தொழிற்சங்கக்காரர்கள். பிரதித் தொழில் அமைச்சர் மஹிந்த ஜயசிங்க நேற்றுவரை ஓர் ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர். வர்த்தக அமைச்சர் வசந்த சமரசிங்கவும் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். மக்கள் விடுதலை முன்னணியின் உடம்பில் பாதி தொழிற்சங்கம். தபால் வாக்குகளில் அரச ஊழியர்கள் இவர்கள் பக்கம் அலையாகச் சாய்ந்தது அதனால்தான். 2024 ஜூலை 8, 9ஆம் திகதிகளில் 20,000 ரூபா உயர்வு கேட்டுச் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடந்தபோது, கொடுத்தால் வற் வரியை இன்னும் ஏற்ற வேண்டிவரும் என்றது ரணில் அரசாங்கம். அன்று வேலைக்குப் போனவர்களுக்குச் சம்பள உயர்ச்சியும் பாராட்டுக் கடிதமும் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த நாட்களில் போராட்டக்காரர் பக்கம் நின்றவர்கள் இன்று சர்வதேச நாணய நிதியத்தின் எல்லைக்கோட்டுக்குள் நின்று "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார்கள். ஆனாலும் முன்னையவர்களைவிட இவர்கள் பேசுகிறார்கள், பேசியதில் ஒரு பகுதியைக் கொடுக்கவும் செய்கிறார்கள். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் 40,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிய நாடு இது என்பதை நினைத்தால், இந்த வித்தியாசம் சிறியதில்லை.

எனினும் மேசையில் யாருடைய குரல் கேட்கும் என்பது எப்போதும் எதை நிறுத்தக்கூடியவர் என்பதைப் பொறுத்தது. 2024 ஜனவரியில் மருத்துவர்களின் ஒரு கொடுப்பனவு 35,000இலிருந்து 70,000 ஆனது. ஏனைய சுகாதார ஊழியர்கள் எங்களுக்கும் அதேயளவு உயர்வு வேண்டும் என்று வீதிக்கு வந்தபோது, வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் தொடங்கி ஜூலை வரை பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதில் முடங்கியது. மாதக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலைநிறுத்தம் வந்தால் இராணுவம் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இராணுவத்துக்கும் சம்பளம் உண்டு. அது எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் வருவதில்லை.

2023 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித பண்டார தென்னகோன் வெளியிட்ட எண் இது: இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி 200,783. அதை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைப்போம் என்றார். இந்த அரசாங்கமும் 2030க்குள் இராணுவம் 100,000, கடற்படை 40,000, விமானப்படை 18,000 என்ற இலக்கைச் சொல்லியிருக்கிறது. ஆனால் 2025இல் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 442 பில்லியன் ரூபா. அதன் பெரும்பகுதி மீண்டெழும் செலவு: சம்பளம், உணவு, உடை, எரிபொருள். போர் முடிந்தது 2009இல். "அரச துறையில் ஆள் கூட" என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசும் பொருளியலாளர்கள் கிராம அலுவலர்களையும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும் எண்ணுகிறார்கள். முகாம்களை எண்ணுபவர்கள் குறைவு. தெற்குத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களிலும் "பாதுகாப்புச் செலவைக் குறைத்து எங்களுக்குத் தா" என்ற வரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். படையினருக்குச் சங்கம் இல்லை, வேலைநிறுத்த உரிமை இல்லை. ஆனால் அவர்கள் சம்பளத்தில் கைவைப்பது தெற்கில் வாக்கில் கைவைப்பது. அவர்களும் பெரும்பாலும் மொனராகலையிலும் அநுராதபுரத்திலும் உள்ள ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறந்து எழுத எனக்கு விருப்பமில்லை. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைக்கும் ஒரே கதவாக அந்த வீடுகளுக்கு இராணுவம் இருந்தது.

நம் பக்கத்தில் இதைக் கேட்டவுடன் "குறைக்கட்டும், முழுக்கக் குறைக்கட்டும்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு விசுவமடு நினைவுக்கு வந்தது.

2018 ஜூனில் விசுவமடுவில் ஓர் இராணுவ அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போனபோது தமிழ்ப் பணியாளர்கள் கண்ணீரோடு அவரைத் தோளில் தூக்கி வழியனுப்பிய காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தெற்கு ஊடகங்கள் அதை நல்லிணக்கம் என்றன. நம்மில் பலர் துரோகம் என்று திட்டினார்கள். அந்த மக்கள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் வேலை செய்தவர்கள், பலர் முன்னாள் போராளிகள். வேறு எவரும் வேலை கொடுக்கத் தயங்கியவர்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தது பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள ஒரு திணைக்களம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளி ஆசிரியைகளைக்கூட அந்தத் திணைக்களம் எடுத்தது. மாகாணத்தின் கீழ் வேலை செய்த முன்பள்ளி ஆசிரியை பெற்றதைவிடப் பல மடங்கு சம்பளம். ஒரே ஊரில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு, அதே "அம்மா இங்கே வா வா" பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பெண்கள். ஒருத்திக்குப் பாதுகாப்பு அமைச்சின் சம்பளம், மற்றவளுக்குப் பெயருக்கு ஒரு கொடுப்பனவு. மாகாண சபை இருந்த காலத்தில் இந்த முன்பள்ளிகளைச் சிவில் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, முதலில் பயந்தவர்கள் அந்த ஆசிரியைகள்தான். மாகாணத்துக்குப் போனால் சம்பளம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே பாதுகாப்புச் செலவைக் குறைக்க வேண்டும் என்று நாம் வெறுமனே கேட்டால், முதலில் கத்தி விழக்கூடிய இடங்களில் ஒன்று நம் பெண்களின் சம்பளம். பண்ணையும் முன்பள்ளியும் போர்த் தளபாடம் இல்லையே, வெட்டுவதற்கு இலகு. சம்பளம் குறையாமல் அந்தப் பதவிகளை மாகாணத்துக்கு மாற்று என்று கேட்டால் அது வேறு கோரிக்கை. அதைக் கேட்க நம்மிடம் ஆள் இல்லை. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லை. எந்தப் பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர், எந்த வைத்தியசாலைக்கு எத்தனை சிற்றூழியர் என்ற ஆளணியைத் திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். மாகாணம் கேட்கலாம், கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் இருந்தால்.

சம்பளம் என்பது நமக்குப் புதிய அரசியல் இல்லை. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரனுக்கு 1962 ஏப்ரல் 1ஆம் திகதி கிடைக்க வேண்டிய சம்பள உயர்ச்சி, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்பதற்காக மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் பிரிவுக் கவுன்சில், போடலாம் என்று சொல்லி, தனிச் சிங்களச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்ற மூலக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை, அதற்குள் 1972 அரசியலமைப்பு வந்துவிட்டது. ஓர் எழுதுவினைஞரின் சிறிய சம்பள உயர்ச்சிக்குள் ஓர் இனத்தின் கேள்வி முழுவதும் இருந்தது. இன்று நம் அரசியல்வாதிகள் இராணுவத்தைக் காணியோடு சேர்த்து மட்டும் பேசுகிறார்கள். காணி முக்கியம். ஆனால் 442 பில்லியனைப் பற்றியும், அதில் குறையப்போகும் ஒவ்வொரு பதவியின் சம்பளமும் எங்கே போகிறது என்பதைப் பற்றியும் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கேட்பதற்கு அவர்களுக்கு யாரும் தடை போடவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று, வன்னியில் இரண்டு ஆசனங்களை எடுத்த தேசிய மக்கள் சக்தியின் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் கேட்டால் அமைச்சரவைக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள்.

தோழியின் சம்பளச் சிட்டைக்குத் திரும்புகிறேன். அதே பாடசாலையில் 2000களின் நடுப்பகுதியில் அவளோடு தொண்டர் ஆசிரியையாக இருந்தவர் என் பெரியம்மாவின் மகள். அப்போது அங்கே வேலை செய்த அரச ஊழியர்களுக்குக் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது. தாமதமாக வந்தது, வவுனியா வழியாக வந்தது, ஆனால் வந்தது. ஷெல் விழுந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால் சம்பளம் உண்டு. அக்காவின் பெயர் பட்டியலில் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுத்த சிறு தொகையில் ஐந்து வருடம் கணிதம் படிப்பித்தார். போருக்குப் பிறகு தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்க நேர்முகத் தேர்வு நடந்தபோது வரவுப் பதிவேடு கேட்டார்கள். பதிவேடு இருந்த அலுமாரி புதுக்குடியிருப்போடு போய்விட்டது. அதிபர் கடிதம் கொடுத்தார், போதாது என்றார்கள். தோழிக்கு வேறு வழியில் நியமனம் கிடைத்தது. அக்கா இப்போது வீட்டில் ரியூஷன் கொடுக்கிறார்.

சம்பளத்தைக் குறைப்பது பற்றிய பேச்சில் அக்காவைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை. குறைப்பதற்கு அவர்களிடம் சம்பளம் இருந்தால்தானே. ஆனால் ஆளணியை இறுக்கும் ஒவ்வொரு முடிவும் முதலில் மூடுவது அவர்கள் நின்ற கதவைத்தான். தொண்டர்கள், ஒப்பந்தக்காரர்கள், 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாதக்கணக்கில் வீதியில் இருந்த பட்டதாரிகள், எல்லோரும் இதில் அடக்கம். 1956க்குப் பிறகு அரச சேவையில் நம் பங்கு சரிந்தது. போர்க்காலத்தில் வெற்றிடங்கள் நிரப்பப்படாமலே கிடந்தன. இப்போது எல்லோருக்கும் சமமாக நிறுத்துகிறோம் என்று சொன்னால், ஏற்கெனவே கால்வாசி நிரம்பிய பாத்திரமும் முழுக்க நிரம்பிய பாத்திரமும் அப்படியே மூடப்படுகின்றன. தெற்கிலுள்ள தொழிற்சங்கத் தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, வர்க்கத்தைப் பிரிக்காதே என்றார்கள். முல்லைத்தீவுக்கு வராத கணித ஆசிரியரும் ஒரு வர்க்கப் பிரச்சினைதான் என்றேன். பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அத்தியாவசிய வெற்றிடங்களுக்கு 30,000 பேரை எடுக்க 10 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். அது நல்ல செய்தி. அந்த 30,000இல் மாவட்டவாரியாக எத்தனை, வடக்கு கிழக்கின் வெற்றிட விகிதம் கணக்கில் எடுக்கப்படுகிறதா, தொண்டர் சேவைக்கு வயதுச் சலுகை உண்டா என்பவற்றை இப்போதே கேட்க வேண்டும். பட்டியல் வெளிவந்த பிறகு கேட்டால் அது முறைப்பாடாகத்தான் இருக்கும்.

தோழிக்குப் பதில் எழுதினேன்: இரண்டு கணக்கும் சரி, மிச்சம் அடுத்த ஜனவரியிலும் அதற்கடுத்த ஜனவரியிலும் வரும். "சரி, பொறுப்பம்" என்று போட்டாள். சிறிது நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, அக்காவிடம் பின்னேர வகுப்புக்கு வருவாவோ என்று கேட்டுச் சொல்லட்டாம். காசு பெற்றார் சேர்த்துத் தருவார்களாம்.